ஆல்போர்க் பல்கலைக்கழகமும் சிக்கல்வழிக் கற்றலும்

ஆல்போர்க் பல்கலைக்கழகம் டென்மார்க்கின் வடக்கு யூட்லாந்துப் பகுதியில் 1974-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பொறியியல் கல்வியில் சிக்கல்வழிக் கற்றலைத் தொடக்கம் முதலே பொதுமுறையாகக் கைக்கொண்டதால், இது கல்வி வரலாற்றில் தனியிடம் பெறுகிறது.

பின்னணி

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் மருத்துவக் கல்வியில் இம்முறையைத் தொடங்கியது. நோயாளியின் சிக்கலை முதலில் முன்வைத்து, அதற்கு வேண்டிய பாடத்தை மாணவர்களே தேடிக் கற்றனர். டென்மார்க்கில் 1968-ஆம் ஆண்டு மாணவர் இயக்கம், கற்பதில் தங்களுக்கும் பங்கு வேண்டும் எனக் கோரியது. அதன் தாக்கத்தில் 1972-இல் ரோஸ்கில்டேயிலும், இரண்டு ஆண்டுகள் கழித்து ஆல்போர்க்கிலும் புதிய பல்கலைக்கழகங்கள் உருவாயின. ஆல்போர்க் அப்போது சிமெண்டு ஆலைகளும் கப்பல் கட்டும் தளமும் கொண்ட தொழில்நகரமாக இருந்தது. எனவே, அங்கு பொறியியல் முக்கிய இடம் பெற்றது.

கற்கும் முறை

ஒவ்வொரு பருவத்திலும் ஏறத்தாழப் பாதி நேரம் திட்டப்பணிக்கு உரியது; மீதி நேரம் விரிவுரைகளுக்கும் பயிற்சிகளுக்கும் உரியது. முதலாண்டில் ஆறேழு பேர் கொண்ட குழு ஒரு சிக்கலைத் தேர்ந்து, ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் ஆராய்ந்து, கூட்டாக அறிக்கை எழுதும்.

பொறியியலில் பல மாணவர்கள் முதலாண்டிலேயே சோர்ந்துவிடுவது உண்டு. கணிதமும் இயற்பியலும் எதற்குப் பயன்படும் என்பது அவர்களுக்கு அப்போது தெரிவதில்லை. பாலத்தின் அதிர்வை ஆராயும் குழுவுக்கோ வகைக்கெழுச் சமன்பாடு உடனடித் தேவையாகிறது. மேலும், ஒருவர் வராவிட்டால் அவருடைய பங்கு நின்றுபோகும், மற்றவர்கள் விசாரிப்பார்கள். படிப்பை விடாமல் தொடர இந்தப் பிணைப்பு உதவுகிறது. குழுவில் பூசல் எழுவதும், சிலர் பிறர் உழைப்பில் ஒதுங்குவதும் உண்டு. ஆகவே, கூடிப் பணிபுரியும் முறையும் முதலாண்டிலேயே கற்பிக்கப்படுகிறது.

குழுத்தேர்வுத் தடை

குழு முழுவதையும் ஒன்றாக அமர்த்தி வாய்மொழித் தேர்வு நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பெண் வழங்குவது வழக்கமாக இருந்தது. தனிமாணவரின் திறமை இதில் சரியாக வெளிப்படாது என்று கூறி, டென்மார்க் அரசு 2007-ஆம் ஆண்டளவில் குழுத்தேர்வைத் தடை செய்தது. கூட்டாகக் கற்றவர்களைத் தனித்தனியே சோதித்தால், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரும் விவாதம் தேர்வில் இடம்பெறாது என மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தனர். 2011-இல் ஆட்சி மாறிய பின்னர் குழுத்தேர்வு மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

தடைக்காலத்திலும் ஆல்போர்க்கில் குழுப்பணி கைவிடப்படவில்லை. ஆயினும், கற்பிக்கும் முறையை மாற்றினால் மட்டும் போதாது, தேர்வுமுறையும் அதற்கு இசைந்திருக்க வேண்டும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.