தூய்மைப் பணியாளர் பாதுகாப்பு (கடலூர், சிதம்பரம்)

கடலூர் மாநகராட்சியிலும் சிதம்பரம் நகராட்சியிலும் தூய்மைப் பணியாளரின் உயிரையும் உடல்நலத்தையும் காப்பது நகர நிர்வாகத்தின் சட்டப்பூர்வப் பொறுப்பு.

இப்பொறுப்பின் மையம் மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணிக்குத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். பாதுகாப்பின்றிப் பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ இறக்கக் கூடாது என்கிறது 7ஆம் பிரிவு. 'மறைமுகமாக' என்பதால், ஒப்பந்ததாரரைக் காட்டி நிர்வாகம் ஒதுங்க முடியாது. முதல் மீறலுக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு ஏறியதும் மோப்ப உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் மயங்குகிறார். தூக்கப் போனவரும் அவரோடு விழுகிறார். ஆகவே வாயுச் சோதனையும் மேற்பார்வையாளரும் மீட்புக் கயிறும் இல்லாத இடத்தில் துணிச்சலுக்கு வேலையே இல்லை. எந்திரத்தால் முடியாத அரிய தேவைகளுக்கு மட்டுமே விதிகள் ஆளிறக்க இடம் தருகின்றன.

சாக்கடை மரணத்துக்கு 2014இல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம்.

தானே புயல் (2011) தாக்கிய இக்கரையோரத்தில் வெள்ளச் சேறும் ஓர் ஆபத்தே. எலிக்காய்ச்சலும் தசைவிறைப்பு நோயும் (டெட்டனஸ்) வெடித்த பாதம் வழியே நுழையும். முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் டெட்டனஸ் தடுப்பூசியும் மழைக்கு முன்பே பணியாளரிடம் சேர வேண்டும், ஒப்பந்தப் பணியாளர் உட்பட.