கர்னாத்தாவும் கோரிப்பாளையமும்

அந்தலுஸ் என்றதுமே நம் நெஞ்சம் நெகிழ்ந்துவிடும். கர்னாத்தாவின் அல்ஹம்ரா மாளிகையையும் குர்துபாவின் பெரிய பள்ளிவாசலையும் பற்றிப் படித்துப் பெருமூச்செறியாத இல்லம் நம்மிடையே அரிது. இப்பொழுதோ அயல்நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் விடுமுறையில் கிரனாடா மாகாணத்துச் சிற்றூர்களுக்கே நேரில் சென்று, அரபியர் அல்புஷாராத் என அழைத்த மலைச்சரிவுகளின் வெள்ளைச் சுவர் வீடுகளைப் படமெடுத்து அனுப்புகின்றனர். நல்லதே. ஆயினும் அந்தக் கர்னாத்தாவுக்கும் நம் மதுரைக்கும் ஒரு நூலால் உறவுண்டு என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

இப்னு பதூதாவின் பயண நூலையே குறிப்பிடுகிறேன். நாடு பல சுற்றித் திரும்பிய அவர், மொராக்கோவின் பாஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி தம் அனுபவங்களைச் சொல்லச் சொல்ல, அதனை ஏட்டில் வடித்தவர் இப்னு ஜுஸய் என்னும் புலவர். அவர் கர்னாத்தாவில் பிறந்தவர். 1355 டிசம்பரில் முற்றுப்பெற்ற அந்நூலில் "முத்ரா" எனப்படும் மதுரையின் அகன்ற வீதிகளும், அரசரும், நோயும், சாவும் ஓர் அந்தலூசியரின் எழுதுகோல் வழியேதான் நமக்குக் கிடைத்துள்ளன.

இருவரும் முதலில் சந்தித்ததும் கர்னாத்தாவில்தான். 1350-ஆம் ஆண்டளவில் இப்னு பதூதா ஜபலுத் தாரிக், ரோந்தா, மர்பெல்லா, மாலக்கா வழியாக அங்குச் சென்றார். மாலக்காவின் அத்தியையும் மாதுளையையும், தொலைநாடுகளுக்கு ஏற்றுமதியான பொன்மெருகு மட்கலங்களையும் வியந்து பேசுகிறார். கர்னாத்தாவில் குடியேறி வாழ்ந்த பக்கீர்களைக் குறிப்பிடும்போது, ஒருவர் சமர்கந்துக்காரர், ஒருவர் தப்ரீஸ்காரர் என்று அடுக்கி வந்து, இருவர் இந்தியர் என்றும் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை.

இனி மதுரைக்கு வருவோம். தில்லிச் சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, 1335-ஆம் ஆண்டளவில் தனியரசு நிறுவித் தம் பெயரால் நாணயம் வெளியிட்டார். அவருடைய மகளொருத்தியைத் தில்லியில் இப்னு பதூதா மணந்திருந்தார். பின்னர் மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானியும் அஹ்சன் ஷாவின் மற்றொரு மகளை மணந்தவர். நம் வழக்கில் சொன்னால் இருவரும் சகலைகள். இலங்கையிலிருந்து வரும் வழியில் மரக்கலம் உடைந்து சோழமண்டலக் கரையில் ஒதுங்கிய பயணியைச் சகலையார் வரவேற்றதில் வியப்பில்லை.

ஆனால் உறவுக்காக இப்னு பதூதா உண்மையை மறைக்கவில்லை. கியாஸுத்தீன் காட்டுவழியே படையுடன் சென்றபோது அகப்பட்ட எளிய மக்களைக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றதையும் கண்ணால் கண்டு எழுதியுள்ளார். இத்தகைய கொடுமையை வேறெந்த அரசரிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதன் பொருட்டே இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் ஒரு காஜிக்குரிய கண்டிப்புடன் தீர்ப்புரைக்கிறார். கொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரை, எண்பது வயது முதியவரை, வஞ்சகமாகக் கொன்று, அவருடலை வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததையும் அவர் கண்டார். நம்மவருள் சிலர் மதுரைச் சுல்தான்களைப் போற்றிப் பாட விழைவர். வேறு சிலர் அவர்களைப் பற்றிப் பேசவே கூசுவர். இரண்டும் தேவையற்றவை என்பேன். கண்டித்தவரும் நம்மவரே; அவருடைய சாட்சியம் கையில் இருக்க நாம் ஏன் மழுப்ப வேண்டும்? இன்னொன்றும் நோக்கற்பாலது: அந்த வல்லாளரின் படையிலேயே சுமார் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தனர் என அதே நூல் கூறுகிறது. அப்போர் இரு சமயங்களுக்கிடையே நடந்த போர் என்று சொல்வோர் இத்தொடரைப் படித்திருக்க மாட்டார்கள்.

மதுரைக்குள் நுழைந்த அவர்களைக் கொள்ளை நோய் எதிர்கொண்டது. பீடித்தவர் ஓரிரு நாளில் மாண்டனர். சுல்தானின் தாயும் மகனும் மடிய, சுல்தானும் மடிந்தார். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. அவர் பிழைத்தது நம் அடுக்களைப் பொருளால்: ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு கழிந்து நோய் தீர்ந்தது. (அரபியில் புளிக்குத் "தம்ரு ஹிந்தி", இந்தியப் பேரீச்சை, என்று பெயர். நம் "ராத்தல்" என்ற சொல்லோ அரபியின் "ரத்ல்" என்பதிலிருந்து வந்தது. கொடுக்கல் வாங்கல் சரியாகத்தான் இருக்கிறது!)

ஹிஜ்ரி 779, அதாவது 1377–78-க்குப் பின் இவ்வரசின் நாணயங்கள் இல்லை. குமார கம்பணரின் வெற்றியை அவர் தேவி கங்காதேவி "மதுரா விஜயம்" எனக் காவியமாக்கினார். கர்னாத்தா வீழ்ந்தது 1492 ஜனவரி 2-இல். அரசு போனபின் குடிமக்கள் என்ன ஆயினர் என்பதே எனக்கு முதன்மையான வினா.

கர்னாத்தாவில் அரபு நூல்கள் தெருச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. 1567-இல் மன்னர் இரண்டாம் பிலிப், அரபு மொழி பேசுவதையும் மூர் மக்களின் உடையையும் தடைசெய்தார். மலையூரார் கிளர்ந்தெழுந்தனர், அடக்கப்பட்டு 1570-இல் கூட்டங்கூட்டமாக நாடு கடத்தப்பட்டனர். இன்று நம் பிள்ளைகள் படமெடுக்கும் ஊர்களில் வடபுலத்தார் கொண்டுவந்து குடியேற்றப்பட்டனர். எஞ்சியவை பெயர்கள். பெரிய ஆறு என்னும் "அல்வாதில் கபீர்" குவாதல்கிவிர் என்று இன்றும் ஓடுகிறது.

அதே காலத்தில் மதுரையில் நடந்தது என்ன? வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்துக்குச் சென்று பாருங்கள். "கோர்" எனில் பாரசீகத்தில் அடக்கத்தலம். கற்குவிமாடத்தின் கீழ்ச் சுல்தான் அலாவுத்தீன், சுல்தான் சம்சுத்தீன் என வழங்கப்பெறும் இருவர் அடங்கியுள்ளனர். அங்குள்ள 1573-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முன்னர்ப் பாண்டியர் அளித்த ஊர்களின் மீதான உரிமையை வீரப்ப நாயக்கர் மீண்டும் உறுதிசெய்ததைச் சொல்கிறது. சொக்கிகுளம், பீபீகுளம், கண்ணனேந்தல், சிறுதூர், திருப்பாலை என்னும் அவ்வூர்கள் இன்று நாம் பேருந்தில் கடந்து செல்லும் இடங்களே. ஸ்பெயினில் மொழியைத் தடைசெய்த ஆணைக்கும் இந்தக் கல்லுக்கும் இடையே ஆறே ஆண்டுகள். வென்ற அரசின் வழிவந்த நாயக்கர், தோற்றவர் வழிபாட்டிடத்துக்கு மானியத்தைக் காத்துக் கொடுத்தார்.

திருப்பரங்குன்றத்து மலைமேல் சிக்கந்தர் பாதுஷாவின் தர்கா, நகருக்குள் காஜிமார் தெருப் பள்ளிவாசல் எனச் சுற்றிவரப் பகல் ஒன்று போதும். வல்லாளர் வீழ்ந்த கண்ணனூர்க் கொப்பத்துக்குச் சமயபுரம் வரை போகவேண்டும். அதற்கு மற்றொரு நாள்.

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. ஸ்பெயின் முஸ்லிம்கள் தம் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். "அல்ஹமியாதோ" என்பது அதன் பெயர். நம் அரபுத் தமிழுக்கு உடன்பிறப்பு. 1884-இல் அரகோன் பகுதியின் அல்மொனாசித் என்னும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, போலித் தளத்தின் அடியில் அத்தகைய ஏடுகள் வெளிப்பட்டன. யாருக்கோ அஞ்சி ஒளித்தவை. நம் பாட்டிமார் அரபுத் தமிழ் மாலைகளைத் திண்ணையில் அமர்ந்து, தெருவில் போவோர் காதுபட ஓதிக்கொண்டிருந்தார்கள்.