விளக்கில்லாத மிதிவண்டி: கோலார் தங்கவயலும் சாலையின் இரு சட்டங்களும்

மிதிவண்டிச் சட்டம் என்றவுடன் தென்னிந்திய நகரங்களின் மூத்த தலைமுறைக்கு நினைவில் எழுபவை மூன்று குற்றங்கள்: இரவில் விளக்கில்லாமல் செல்வது, பின்னால் ஆளை ஏற்றி ‘டபுள்ஸ்’ போவது, நகராட்சி வில்லை இல்லாமல் ஓட்டுவது. மூன்றையும் ஏறக்குறைய எல்லோரும் செய்தனர். பிடிபட்டவர் அபராதம் கட்டினார். அல்லது காவலர் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிட, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்ந்தார். (காற்றைப் பிடுங்கும் தண்டனை எந்தச் சட்டப்புத்தகத்திலும் இருந்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.) இம்மீறல்களை நகைச்சுவையாகவோ, நம்மவரின் ஒழுங்கின்மைக்குச் சான்றாகவோ சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கம். கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளரை மனத்தில் வைத்துப் பார்த்தால், அவர்களுடைய மிதிவண்டியை ஆண்டது இந்த ஒரு சட்டம் மட்டுமன்று என்பது தெரியும். எழுதப்படாத இன்னொன்றும் இருந்தது. அதை மீறினால் காற்றோடு போகவில்லை.

எழுதப்பட்ட சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. மிதிவண்டி என்பது சட்டத்தின் பார்வையில் என்ன பொருள் என்ற கேள்வி அங்கே முதலில் நீதிமன்றத்தில்தான் எழுந்தது. கண்மண் தெரியாமல் ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரின் வழக்கில், மிதிவண்டியும் ‘வண்டி’யே என்று 1879இல் தீர்ப்பாயிற்று. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 85ஆம் பிரிவில், அதைப் பொதுவிதியாக்கியது. பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்திலிருந்து, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை விளக்கு எரிய வேண்டும். ஒருவரைக் கடக்கும்போது மணியோ ஊதலோ ஒலிக்க வேண்டும். விளக்கும் மணியும் காலனிகளின் நகராட்சி விதிகளுக்குள் நுழைந்த வழி இதுதான். சென்னையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் வரி விதிப்பதற்காக ‘வண்டி’யை வரையறுத்தபோது மிதிவண்டியையும் ரிக்‌ஷாவையும் பல்லக்கையும் ஒரே வரியில் சேர்த்து வைத்தது. வரி எழுதுபவருக்கு மூன்றும் ஒன்றுதான். பல்லக்கில் யார் ஏறலாம், யார் சுமக்கலாம் என்பது அந்நாட்டில் அனைவரும் அறிந்த செய்தி. மிதிவண்டியைச் சுமப்பவரோ அதில் ஏறியிருப்பவரேதான்.

சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு, சித்தூர் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்கள்தாம் மைசூர் அரசுக்கு உட்பட்ட தங்கவயலை உருவாக்கினர். அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள். ஜான் டெய்லர் குழுமத்தின் கீழ் 1880களில் சுரங்கங்கள் வேர்பிடித்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியாக மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சுரங்கத்தின் பொறிகள் மின்சாரத்தில் ஓடின. ஆனால் அந்த மின்சாரம் தொழிலாளர் குடியிருந்த ‘லைன்’களின் தட்டி வீடுகளை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. விளக்கு விதியை மதிப்பிடும்போது இந்த இடைவெளியைக் கணக்கில் கொண்டாக வேண்டும். இரவு ஷிப்டு முடிந்தோ இரவு ஷிப்டுக்காகவோ இருட்டில் செல்பவர், தம் கூரைக்கு வாராத வெளிச்சத்தைத் தம் வண்டிக்குச் சொந்தச் செலவில் கொண்டுவர வேண்டும் என்றது சட்டம். மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரியும் எண்ணெயும் செலவு. டைனமோ அதைவிடப் பெரிய செலவு. கையில் டார்ச் பிடித்தவரும் உண்டு, காகிதக் கூம்புக்குள் மெழுகுவத்தி வைத்தவரும் உண்டு. நிலவை நம்பியவர்களே அதிகம்.

‘டபுள்ஸ்’ விதியின் கதையும் இதுவே. ஒரு வண்டி, இரண்டு சம்பளம். ஒரே ஷிப்டுக்குப் போகும் இருவருள் ஒருவர் மிதிக்க மற்றவர் பின்னால் அமர்வது, கூலிக்கு ஏற்ற போக்குவரத்து முறை. அதைக் குற்றமாக்கிய விதி, ஆளுக்கொரு வண்டி வைத்திருக்கும் குடிமகனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இவற்றைவிடக் கடுமையான கண்காணிப்பின் நடுவில் வாழ்ந்தவர்கள் அவர்கள். தங்கத் திருட்டைத் தடுப்பதற்கென்று உடற்சோதனை நடந்தது. நிறுவனத்துக்கெனக் காவலர்கள் இருந்தனர். தங்கவயல் தனிக் காவல் மாவட்டமாகவும் ஆயிற்று. நிறுவனத்தின் நிலம், சுகாதார வாரியத்தின் எல்லை, ராபர்ட்சன்பேட்டையின் கடைத்தெரு என்று சில மைல்களுக்குள் அதிகாரங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1930இல் விரல்ரேகையுடன் கூடிய புதிய பதிவுமுறையை நிர்வாகம் கொண்டுவந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மைசூர் சமஸ்தானத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ஜானகி நாயர் இந்தப் போராட்டத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். விரல்ரேகைக்கு எதிராக வேலையையே நிறுத்திய அம்மக்கள், மிதிவண்டி வில்லைக்கு எதிராக ஊர்வலம் போனதாகப் பேச்சில்லை. விளக்கு, வில்லை, டபுள்ஸ் ஆகியவற்றில் அவர்கள் செய்தது எதிர்ப்பு என்று பெரிதுபடுத்தத் தேவையில்லை. பொருட்படுத்த வேண்டிய அளவுக்கு அந்த விதிகள் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, அவ்வளவே.

ஏன் பெரிதாகத் தோன்றவில்லை என்பதற்கு அவர்கள் விட்டுவந்த ஊர்களைப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் பொதுச்சாலையில் நடப்பதே சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுப் பெற வேண்டிய உரிமையாக இருந்தது. பொதுச்சாலை, தெரு, கிணறு ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் கொண்டுவந்தார்; அது அரசாணையாகவும் வெளிவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, தங்கவயல் வேலைநிறுத்தம் நடந்த அதே 1930இன் இறுதியில், இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் தலித்துகளுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தனர். ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. அப்பட்டியலில் மிதிவண்டி இல்லை. அது தலித்துகள் கைக்கு வரும் என்று அன்றைக்கு எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்று கொள்ளலாம். வந்தபோது தடையும் உடன் வந்தது: ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் இறங்க வேண்டும், தெரு முடியும் வரை வண்டியைத் தள்ளிச் செல்ல வேண்டும், அதன்பின் ஏறிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் மிக அண்மைக் காலம் வரை பதிவான வழக்கம் இது.

எந்த நகராட்சி விதியைக் காட்டிலும் துல்லியமான போக்குவரத்துச் சட்டம் இதுதான். எல்லை எது என்பதற்குப் பலகை இல்லை, எல்லோருக்கும் தெரியும். அபராதம் எவ்வளவு என்பதற்கு அட்டவணை இல்லை. அடியோ, ஊர்விலக்கோ, கூலி நிறுத்தமோ எதுவும் ஆகலாம். தங்கவயலில் ஒருவர் சாம்பியன் ரீஃபிலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு ஏறிய வண்டியிலிருந்து இறங்காமலே போய்ச் சேர முடிந்தது. வழியில் காவலர் நிறுத்தினால் கேட்பது ‘விளக்கு எங்கே?’ என்பதுதான். நீ யார், எந்தத் தெரு என்பதன்று. அந்தக் கேள்வியில் ஒரு சமத்துவம் இருந்தது: விளக்கில்லாத எவரையும் கேட்கக்கூடிய கேள்வி அது.

இதனால் தங்கவயலைச் சாதியற்ற ஊர் என்று எழுதிவிட முடியாது. மேற்பார்வைப் பதவிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும், ஆழத்தின் வெப்பத்தில் தலித்துகளும் என்ற அடுக்கின் மீதுதான் அச்சுரங்கம் நின்றது. ஆனால் எண்ணிக்கையும் மாதச் சம்பளமும் சாலையின் இயல்பை மாற்றின. அயோத்திதாசரின் மரபில் பௌத்த சங்கங்கள் அங்கே செயல்பட்டன; ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை அங்கிருந்து மீண்டும் வெளியிட்டார். படிப்பகத்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் இரவில் விளக்கில்லாமல் போனவரை வெறும் விதிமீறலர் என்று மட்டும் வரலாற்றில் பதிவது போதுமானதாகாது.

சுதந்திர இந்தியாவின் சட்டங்கள் இவ்விரு மிதிவண்டிகளையும் வெகுகாலம் சந்திக்க வைக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் பொதுச்சாலையைப் பேசியது, நகையும் நல்லாடையும் அணிவதைப் பேசியது, மிதிவண்டியைப் பேசவில்லை. மறுபக்கம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மிதிவண்டியைத் தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம். அதை விடுதலை என்று கொண்டாடுவோரும் உண்டு. ஆனால் அச்சட்டத்துக்குள் மிதிவண்டிக்காரர் பெரும்பாலும் வந்து சேர்வது அடிபட்ட பின்புதான், காப்பீட்டின் மொழியில் ‘மூன்றாம் தரப்பாக’. மிதிவண்டிக்கென ஒதுக்கிய தடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் சொல்லின. தடமே இல்லாத ஊர்களில் அவ்விதியை மதிப்பதும் எளிது, மீற வழியும் இல்லை.

மிதிவண்டி ஏறுவதை ஓர் உரிமையாக இந்தியச் சட்டம் பெயர் சொல்லிக் குறித்தது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், பொது இடத்தில் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது குற்றம் என்ற வரி சேர்ந்தது. அது 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. இராமநாதபுரத்தின் செருப்பும் இப்போது அவ்வரியில் மிதிவண்டிக்கு அருகிலேயே இருக்கிறது. இடையில் 85 ஆண்டுகள்.

அவ்வரி வருவதற்கு முன்பே, 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டிருந்தன. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் இன்று விடியுமுன் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். 2019ஆம் ஆண்டின் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 138(1ஏ) என்ற பிரிவைச் சேர்த்து, மோட்டார் அல்லாத வண்டிகளையும் பாதசாரிகளையும் குறித்து விதி இயற்றும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், அவ்விதிகளை ஆறு மாதங்களுக்குள் இயற்றுமாறு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பிரிவின் வாசகம் இரு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது: செயல்பாடுகளை ஒழுங்குபடுத்துதல், பொது இடங்களில் நுழைவை ஒழுங்குபடுத்துதல். முதற்சொல்லின் மரபு 1888இன் விளக்கிலும் மணியிலும் இருக்கிறது. இரண்டாம் சொல்லுக்கு, இம்மண்ணில், வேறொரு மரபு உண்டு.