கப்பலும் காகிதமும்

தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு மாலைப் பொழுதாவது நடந்துவிட்டு வருவது என் வழக்கம். உப்புக் காற்றும் தோணிகளும் கரையோரத்துச் சிப்பிகளும் எதையாவது நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். சென்ற முறை அப்படி நடந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. பலர் கூடி நடத்தும் ஒரு பொதுக் காரியத்துக்குப் பத்திரிகை விளம்பரம் நண்பனா, பகையா?

இந்தக் கடற்கரைக்கு விளம்பரம் புதிதல்ல. முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் அரசாங்கமே அதைப் பறைசாற்றியது. கடலடிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்துக்களை மதிப்பிட்டு, இன்ன நாளில் குளிப்பு என்று அறிவிப்பு வெளியிடுவார்கள். அதைக் கண்டு வியாபாரிகளும் குளியாட்களும் வந்து குவிவார்கள். வெறும் மணல்வெளி சில வாரங்களுக்கு ஒரு பட்டணமாகிவிடும். அந்த விளம்பரத்தால் யாருக்கும் தீங்கில்லை. கடலுக்கடியில் கிடக்கும் சிப்பிக்குப் போட்டிக்காரன் ஏது?

கப்பல் கம்பெனி விஷயம் அப்படியல்ல. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது, எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அதற்குக் கப்பல்கள் இருந்தன, பணம் இருந்தது, அரசாங்கத்தின் தயவும் இருந்தது. பிள்ளையவர்களிடம் இருந்ததெல்லாம் சொல் ஒன்றுதான். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். ஆனால் இத்தகைய பெருந்தனக்காரர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? மிச்சப் பங்குகளைச் சிறுகச் சிறுகத்தான் விற்றாக வேண்டும். முகம் தெரியாத ஒருவர் தூத்துக்குடிக் கப்பலுக்கு 25 ரூபாய் அனுப்ப வேண்டுமானால், அதைப் பற்றி அவர் எங்காவது படித்திருக்க வேண்டும் அல்லவா?

இங்கேதான் பத்திரிகைகள் வந்தன. ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ இருந்தது. கம்பெனி பிறந்த அதே 1906இல் பாரதியாரின் ‘இந்தியா’வும் பிறந்தது. 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தபோது, பாரதியார் தம் வீட்டு விசேஷத்தைப் போல அதைக் கொண்டாடி எழுதினார். கூலி கொடுத்துப் போட்ட விளம்பரமா அது? எழுதியவர்களே அந்தக் காரியத்தில் பங்காளிகளாக நின்றார்கள். படித்தவன் பங்கு வாங்கினான்; பங்கு வாங்கியவன் நாலு பேரிடம் சொன்னான். கம்பெனி வளர்ந்த வழி இதுதான்.

ஆனால் பத்திரிகையை நண்பன் மட்டுமா படிக்கிறான்? சுதேசிக் கப்பலுக்குக் கிடைத்த பெயரே வெள்ளைக் கம்பெனியைக் கட்டணத்தில் கை வைக்கச் செய்தது. கட்டணத்தைக் குறைத்தார்கள், பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுத்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வதுண்டு. வியாபாரப் போட்டி அதோடு நிற்கவில்லை. ஒரு கப்பல் கம்பெனி தேசத்தின் சின்னமாகிவிட்டால், அதன் லாபநஷ்டக் கணக்கைக் கலெக்டரும் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசினார்கள். கூட்டத்தில் இருந்த போலீஸாரும் குறிப்பெடுத்தார்கள். மார்ச் 12ஆம் தேதி கைது. ஜூலை 7ஆம் தேதி தீர்ப்பு. நீதிபதி பின்ஹே பிள்ளையவர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் பின்னர் அது குறைந்தது. சாட்சியமாக நின்றவை அவர் பேசிய பேச்சுக்களே.

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்று சிலர் இதற்குப் பழமொழி சொல்லுவார்கள். வாயை மூடிக்கொண்டு வியாபாரத்தை மட்டும் கவனித்திருந்தால் கப்பல் ஓடியிருக்கும் என்பது அவர்கள் வாதம். நான் இதை ஒப்பவில்லை. வாயை மூடியிருந்தால் கப்பலே வந்திருக்காது. ஊரார் காசில் கட்டியதை ஊராரிடம் சொல்லாமல் நடத்துவது எப்படி?

என் கண்ணுக்குத் தெரியும் குறை வேறு. கம்பெனியின் புகழ் முழுவதும் ஒரு மனிதரின் மேல் ஏறிவிட்டது. அவர் உள்ளே போனதும், சொல்வதற்கு வேறு ஆளில்லை. பத்திரிகைகளின் கதியும் அதுவே ஆயிற்று. அதே 1908இல் சுப்பிரமணிய ஐயர் கைதானார், ‘இந்தியா’வை வெளியிட்டவரும் சிறை சென்றார், பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். போட்டியும் கடனும் ஒரு பக்கம் நெருக்க, பேச ஆளில்லாத கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் பிள்ளையவர்கள் விடுதலையாகி வந்தபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழில் செய்ய உரிமையும் இல்லை, வறுமைதான் காத்திருந்தது.

ஆயினும் ஒரு செய்தி என் நெஞ்சைத் தொடுகிறது. கடல் கடந்த தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் அவருக்காகப் பணம் சேர்த்துக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். அது பற்றி இருவருக்கும் கடிதங்கள் நடந்து, 347 ரூபாய் 12 அணா, 1916இல் அவர் கைக்கு வந்தது. கொடுத்தவர்களில் எத்தனை பேர் அவரை நேரில் பார்த்திருப்பார்கள்? பெயரைக் கேள்விப்பட்டார்கள், கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கப்பல் போய்விட்டது. அதைப் பற்றி எழுதியதும் பேசியதும் போகவில்லை. 2011இல் இந்தத் துறைமுகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். இருட்டும் நேரத்தில் திரும்பி நடந்தபோது கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்ததுபோல் இருந்தது. விளம்பரம் கடற்காற்றைப் போன்றது. பாயை விரிக்காதவன் கரையிலேயே கிடப்பான். விரித்தவன், சுக்கானைப் பிடிக்க ஓர் ஆளுக்கு இரண்டு ஆளாக வைத்துக்கொள்ள வேண்டும்.