மயங்கினான், மயக்கினாள்

தமிழ் இலக்கணத்தில் 'மயங்கு' தன்வினை, 'மயக்கு' பிறவினை. 'அவன் மயங்கினான்' என்றால் செயல் அவனுடையது. 'அவள் மயக்கினாள்' என்றால் அதே செயல் அவள் கணக்கில் ஏறிவிடும். 'ங்' போய் 'க்' வந்தால் போதும், குற்றவாளி மாறிவிடுவாள்.

எங்கள் சடையங்குப்பத்தில் இந்தப் பிறவினைக்குப் பஞ்சமே இல்லை. சொக்குப்பொடி போட்டுட்டா, வசியம் பண்ணிட்டா, முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. மகன் தனிக்குடித்தனம் போனால் மருமகள் தலையணை மந்திரம் ஓதியவள். கம்பெனியில் சூப்பர்வைசர் தொந்தரவு செய்தால், காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பெண் மினுக்கி. புருஷனை இழந்தவள் வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றால், வண்டியை நிறுத்தியவனை யாரும் கேட்பதில்லை.

ஆணுக்கு இந்தச் சொற்களே வேறு மாதிரி வருகின்றன. 'மாயக்காரி' வசவு, 'மாயன்' திருமாலின் பெயர். 'மோகினி' அமுதம் பங்கிட அதே திருமால் எடுத்த வடிவம். பெருமாள் கோயில் திருவிழாவில் மோகினி அலங்காரம் பார்க்கக் கூட்டம் நெரியும். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து இருட்டில் நடந்துவரும் பெண்ணைப் பார்த்து 'மோகினி' என்று சொன்னால் அது பிசாசு.

இந்தச் சொற்களுக்குப் பழைய சாட்சியங்கள் எங்கே கிடைக்கும் என்று தேடியபோது, வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே திருவொற்றியூர் இருக்கிறது.

அந்தக் கோயிலின் புகழ்பெற்ற கதை சங்கிலியாருடையது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரிவாகச் சொல்கிறார். ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலி, திருமணம் வேண்டாமென்று திருவொற்றியூர்க் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்தாள். சுந்தரர் அவளைப் பார்த்து ஆசைப்பட்டார். திருவாரூரில் அவருக்குப் பரவை என்ற மனைவி இருந்தாள். அதனால் உன்னைப் பிரியேன் என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும் என்றாகிறது. கருவறையில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சுந்தரர் சிவனிடம் கேட்டுக்கொள்கிறார். சிவனோ, மகிழமரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சங்கிலியிடம் சொல்லிவிடுகிறார்.

தந்திரம் செய்தது யார் என்று பாருங்கள். மாலை தொடுத்தவள் யாரையும் மயக்கவில்லை. ஆசைப்பட்டது அவர், சாமியை இடம் மாற்றப் பார்த்தது அவர், பிறகு சத்தியத்தை மீறிக் கிளம்பியதும் அவர். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் போயின. பழி சரியான பெயரில் எழுதப்பட்ட கதை இது. ஆனால் அதன் பிறகு கதை அவர் பின்னாலேயே போய்விடுகிறது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண். பரவையின் கோபம் தணிக்கச் சிவனே தூது போகிறார். திருவொற்றியூரில் விடப்பட்டவளுக்கு அப்படி ஒரு தூது இல்லை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும்.

இரண்டாவது சாட்சி ஒரு கல்வெட்டு. 1049ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவொற்றியூர்க் கல்வெட்டு, சதுரன் சதுரி என்ற தேவரடியாளைக் குறிப்பிடுகிறது. அவள் நாகன் பெருங்காடன் என்பவனின் அகமுடையாள், அதாவது மனைவி. தேவரடியாள், அகமுடையாள் என்ற இரண்டு சொற்களும் ஒரே பெண்ணுக்கு, கூச்சமில்லாமல் கல்லில் நிற்கின்றன. பின்னால் வந்த நூற்றாண்டுகள் இவ்விரண்டையும் பிரித்தன. ஒருத்தி வீட்டை உடையவள், மற்றவள் வீட்டைக் கெடுப்பவள் என்றாக்கின.

மூன்றாவது சாட்சி கடற்கரையோரம் இருக்கும் பட்டினத்தார் சமாதி. அவர் பெயரில் வழங்கும் பாடல்களில் பெண்ணின் உடல் உறுப்பு உறுப்பாக இகழப்படுகிறது. ஆனால் அவர் துறவு பூண்ட கதையில் மயக்குகிற பெண் யாரும் இல்லை. வளர்ப்பு மகன் விட்டுச்சென்ற காதில்லாத ஊசிதான் அவர் மனத்தை மாற்றுகிறது. கடல் வணிகத்தில் குவித்த செல்வத்தின் மேல்தான் அவருக்கு மயக்கம். பழி மட்டும் பெண்ணுக்கு. பெற்ற தாய்க்கு அதிலிருந்து விலக்கு. அவள் இறந்தபோது அவர் கதறியதாகவே கதை சொல்கிறது.

இந்தப் பழக்கம் சீர்திருத்தக் காலத்திலும் விடவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் போராடியவர். 1936இல் வந்த அவருடைய நாவலின் பெயர் 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. கதைக்குள் தாசி குலப் பெண்களே அந்த முறையை ஒழிக்கப் புறப்படுகிறார்கள். தலைப்பில் மட்டும் வலை அவளுக்கு, மதி அவனுக்கு. 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. அந்தப் பெண்களுக்கு வைத்த வசவு ஒழியவில்லை. இன்று எந்தப் பெண்ணோடு சண்டை வந்தாலும் வாயில் முதலில் வருவது அதுதான்.

வார்த்தைதானே என்று விட்டுவிட முடியாது. புருஷன் இன்னொருத்தியோடு போனால் பஞ்சாயத்து அவளைத் திட்டிக் கலைகிறது. வீட்டுச் செலவுக்கு அவன் எவ்வளவு தர வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு யார் பொறுப்பு என்ற பேச்சே எழுவதில்லை. மயக்கப்பட்டவனிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டிருக்க, அவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். சீண்டலுக்கு ஆளானவள் புகார் கொடுக்கப் போனாலும் 'நீ என்ன பண்ணே' என்பதுதான் முதல் கேள்வி.

அதனால் நான் ஒரு சின்ன வேலை செய்து பார்க்கிறேன். யாராவது 'அவ மயக்கிட்டா' என்றால், 'அவன் மயங்கினான், சரி, அப்புறம் என்ன செஞ்சான்?' என்று கேட்கிறேன். முதலில் முறைப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்குவார்கள்: போனான், காசு கொடுக்கவில்லை, அடித்தான். எல்லாமே தன்வினை.