கப்பலுக்குள் எந்த நாட்டுச் சட்டம்?

"இது எங்க ஊர் விவகாரம், வெளியாள் தலையிடாதீங்க." வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் கேட்கும் பேச்சு இது. கப்பல் முதலாளிகளும் இதைத்தான் சொன்னார்கள்: கப்பலுக்குள் கொடிக்குரிய நாட்டின் சட்டம்தான் செல்லும், துறைமுகத்தின் சட்டம் உள்ளே வரக்கூடாது.

அமெரிக்காவில் 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆனாலும் ஒப்பந்தத்தை மீறிக் கப்பலைவிட்டு இறங்கும் மாலுமியைக் கைதுசெய்து திரும்ப ஏற்றலாம் என்று 1897இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமை ஒழிப்புத் திருத்தம் மாலுமிகளுக்குப் பொருந்தாதாம். நீதிபதி ஹார்லன் மட்டும் மாறுபட்டார்.

மாலுமிகள் சங்கத் தலைவர் ஆண்ட்ரூ ஃபியூருசெத் நெடுங்காலம் போராடியதன் பயனாக 1915இல் புதிய சட்டம் வந்தது. வேலையை விட்டுப் போனால் சிறை என்பது ஒழிந்தது. பயணம் முடியுமுன்பே, துறைமுகத்தில் அதுவரை சேர்ந்த கூலியில் பாதியைக் கேட்டு வாங்கலாம். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் இது பொருந்தும். 1916இல் பென்சகோலா துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பலின் பிரிட்டிஷ் மாலுமி ஒருவர் பாதிக்கூலி கேட்டார். கேப்டன் மறுத்தார். 1920இல் உச்ச நீதிமன்றம் மாலுமியின் பக்கம் நின்றது.

இதை முழு வெற்றி என்று நாம் கொண்டாட முடியாது. கப்பல் பணியாளர்களில் 75 விழுக்காட்டினர் அதிகாரிகளின் மொழியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. சீன, ஆசிய மாலுமிகளை வெளியேற்றுவதே ஃபியூருசெத்தின் நோக்கம். விடுதலை கேட்ட சங்கமே இன்னொருவனுக்குக் கதவை அடைத்தது. தொழிற்சங்கத்துக்குள் சாதியைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

முதலாளிகள் வேறு வழி கண்டார்கள்: கொடியை மாற்றினார்கள். அமெரிக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் ஹோண்டுராஸ் கொடியோடு ஓடிய கப்பல்களில், ஹோண்டுராஸ் மாலுமிகளின் சங்க உரிமைக்கு அமெரிக்கத் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தாது என்று 1963இல் அதே நீதிமன்றம் கூறியது. காரணம், அது கப்பலின் உள்விவகாரம்.

நம் நாட்டிலும் முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரைச் சிறையில் தள்ள 1859இல் சட்டம் போட்டார்கள். அது 1925இல்தான் நீக்கப்பட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இன்றும் செங்கல் சூளை வாசலில் நின்று, "முன்பணம் வாங்கியிருக்கான், இது எங்களுக்குள்ள விஷயம்" என்கிறார்கள். வேலையை விட்டுப் போகும் உரிமை இல்லாத இடத்தில் உள்விவகாரம் என்று ஒன்று கிடையாது. சட்டம் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டும்.