கொய்னாவும் ஜின் டானிக்கும்

ஜின் டானிக் என்பது ஜின் என்னும் மதுவையும் கொய்னா (குயினின்) கலந்த டானிக் நீரையும் சேர்த்துச் செய்யும் பானமாகும். ஒரு பங்கு ஜின், இரண்டு அல்லது மூன்று பங்கு டானிக் நீர், பனிக்கட்டி, எலுமிச்சைத் துண்டு ஆகியவையே இதற்குத் தேவை. வீட்டிலேயே எளிதில் கலக்கலாம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் மலேரியாவுக்கு மருந்தாக இதைக் குடித்தனர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்கூற்றில் எவ்வளவு உண்மை என்பதையும், இப்பானத்துக்கும் தமிழ்நாட்டு மலைகளுக்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டையிலிருந்து மருந்து

கொய்னா, தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைப்பகுதியைச் சேர்ந்த சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் வழியாக இப்பட்டை ஐரோப்பாவை அடைந்தது. குளிர்காய்ச்சலுக்குப் பட்டைத் தூளை ஒயினில் கலந்து கொடுத்தனர். 1820இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன் பிறகுதான் மருந்தை அளந்து கொடுக்க முடிந்தது. கசப்பை மறைக்க மதுவில் கலக்கும் வழக்கமும் தொடர்ந்தது. 1846இல் பாரிசில் ஜோசப் டுபோன்னே கொய்னாப்பட்டை சேர்த்த ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குச் சென்ற பிரித்தானியக் கடற்படையினருக்கும் கொய்னாவை ஒயினில் கலந்தே கொடுத்தனர்.

நீலகிரியில் சின்கோனா

இந்தியாவில் படைகளுக்கும் அலுவலர்களுக்கும் பெருமளவில் கொய்னா தேவைப்பட்டது. தென் அமெரிக்காவை நம்பியிராமல் இங்கேயே பயிரிட விரும்பிய பிரித்தானிய அரசு, கிளெமென்ட்சு மார்க்கம் என்பவரைப் பெரு நாட்டுக்கு அனுப்பியது. அம்முயற்சியில் கிடைத்த விதைகளும் கன்றுகளும் 1860ஆம் ஆண்டையொட்டி நீலகிரிக்கு வந்தன. உதகமண்டலம் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மெக்கைவர் அவற்றை வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவிலும் கூடலூர் செல்லும் வழியிலுள்ள நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் உருவாயின.

நடுவட்டத் தோட்டத்தில் கைதிகளும் வேலை வாங்கப்பட்டனர். மலாயாக் கரையோரக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனர்களும் அவர்களுள் இருந்தனர். விடுதலையான சிலர் நீலகிரியிலேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்தனர். அக்காலச் சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் உள்ளது. ஜின் டானிக்கின் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர்கள் இவர்களே.

பிற்காலத்தில் சாவகத் தீவில் டச்சுக்காரர்கள் வளர்த்த, கொய்னாச் சத்து மிகுந்த சின்கோனா வகை உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. எனினும் இந்தியாவில் விளைந்த கொய்னா பொதுமக்களையும் சென்றடைந்தது. 1892 முதல் வங்காளத்தில் அஞ்சலகங்கள் வழியே சிறு பொட்டலங்களாகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. காய்ச்சலில் கிடந்த ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்தது ஜின் அன்று; இந்தப் பொட்டலமே.

டானிக் நீர்

1858இல் இலண்டனைச் சேர்ந்த எராசுமசு பாண்டு என்பவர் கொய்னா கலந்த சோடா நீருக்குக் காப்புரிமை பெற்றார். 1870களில் சுவெப்சு நிறுவனமும் இவ்வகை நீரை விற்கத் தொடங்கியது. ஜின்னையும் டானிக்கையும் சேர்த்துக் குறிப்பிடும் மிகப் பழைய அச்சுச் சான்றுகளுள் ஒன்று, 1868இல் இந்தியாவில் வெளியான 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகசின்' என்னும் ஆங்கில இதழில் உள்ளது. அதில் இப்பானத்தைக் கேட்பவர்கள் காய்ச்சல்காரர்கள் அல்லர்; குதிரைப் பந்தயம் பார்க்க வந்தவர்கள். எனவே இது அப்போதே களைப்பு நீக்கும் பானமாகத்தான் பரவியிருந்தது எனக் கொள்ளலாம்.

கணக்கு சொல்வது

இன்றைய டானிக் நீரில் கொய்னா மிகக் குறைவு. அமெரிக்க விதிப்படி ஒரு லிட்டரில் ஏறத்தாழ 83 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மலேரியாவுக்குக் கொய்னா கொடுக்கும்போது, வளர்ந்தவர்களுக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்குச் சுமார் 600 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. அதாவது நாளொன்றுக்கு 1,800 மில்லிகிராம். இதை டானிக் நீரிலிருந்து பெற நாள்தோறும் 21 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்! ஆகவே ஜின் டானிக் மலேரியாவைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ நம்புவது ஆபத்தானது. காய்ச்சல் கண்டால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

புதுச்சேரியில்

சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்த பின்னும் மது விற்பனை தொடர்ந்தது. வெளியூரார் பலர் புதுச்சேரியை மதுவோடு மட்டும் சேர்த்துப் பேசுவதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் மலேரியாவின் வரலாற்றில் இவ்வூருக்கு வேறோர் இடமும் உண்டு. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே, 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரில் உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட கோரிமேட்டில் இயங்கும் மருத்துவ நிறுவனம். அதன் அருகே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975இல் நிறுவப்பட்டது. மலேரியா, யானைக்கால் போன்ற நோய்களைப் பரப்பும் கொசுக்களைக் கட்டுப்படுத்தும் வழிகளை அது ஆராய்கிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராசு கண்டறிந்தார். அதன் பின் நோய்த்தடுப்பில் கசப்பு மருந்துக்கு இணையாகத் தேங்கிய நீரை அகற்றுவதும் முதன்மை பெற்றது.

டானிக் நீரில் கொய்னா இருப்பதை மாணவர்கள் மதுவின்றியே கண்டறியலாம். புற ஊதா விளக்கின் ஒளியில் அந்த நீர் நீல நிறத்தில் ஒளிரும். இவ்வொளிர்வை ஜான் ஹெர்ஷல் 1845இல் விவரித்துள்ளார்.